கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் தெரியாது! 70 வருஷம் முன்பே செய்து காட்டிய கிரேஸ் ஹாப்பர்

கோடிங் கத்துக்கணும்னா முதல்ல இங்கிலீஷ் நல்லா வரணும். இந்த அறிவுரையைக் கேட்காத தமிழ் மீடியம் மாணவர்கள் குறைவு. இஃப், எல்ஸ், பிரின்ட், ரிப்பீட் என எல்லாக் கட்டளையும் இங்கிலீஷில் இருப்பதால், கம்ப்யூட்டரின் தாய்மொழியே இங்கிலீஷ்தான் என்று பலரும் நம்பிவிட்டோம்.

ஆனா, அது உண்மை இல்லை. 1950-களின் நடுவிலேயே, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் ஒரு கணிதப் பேராசிரியை ஒரே புரோகிராமை இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழிக் கட்டளைகளில் ஓட்டிக் காட்டினார். பார்த்த மேலதிகாரிகள் பாராட்டவில்லை. பயந்துபோனார்கள்.

அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர். இன்று ஸ்க்ராட்ச் மாதிரி பிளாக் கோடிங் தளத்தில் ஒரு பத்து வயசுக் குழந்தை வண்ண வண்ணக் கட்டைகளை அடுக்கி, சின்னதாக ஒரு மொழிபெயர்ப்புக் கருவி செய்ய முடிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் யோசனையை ஆரம்பித்து வைத்தவர்களில் இவர் முக்கியமானவர். அந்தக் கதையையும், அதே டெமோவை நீங்களே எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதையும் பார்ப்போம்.

ஏழு கடிகாரம், ஒரு லத்தீன் தேர்வு

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரத்தில் பிறந்தார் கிரேஸ் மர்ரே. ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரம் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. எப்படி மாட்டுவது என்று கண்டுபிடிக்க இன்னொன்றைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரமும் துண்டு துண்டானது. அம்மா திட்டித் தீர்க்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எல்லை மட்டும் போட்டார்.

அப்பாவுக்கு இன்சூரன்ஸ் தொழில். மகனுக்குக் கிடைக்கும் அதே படிப்பு மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மனித மொழியைப் பழக்கிய இவர், 16 வயதில் கல்லூரி நுழைவுக்கான லத்தீன் மொழித் தேர்வில் ஃபெயில். ஒரு வருஷம் காத்திருந்துதான் வாசர் கல்லூரியில் சேர்ந்தார். 1928-ல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் வாங்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலை, 1934-ல் கணிதத்தில் முனைவர் பட்டம். 1930-ல் வின்சென்ட் ஹாப்பரைத் திருமணம் செய்ததில் வந்ததுதான் ஹாப்பர் என்ற பெயர். 1945-ல் விவாகரத்து ஆன பிறகும் அந்தப் பெயரிலேயே தொடர்ந்தார்.

1931 முதல் வாசர் கல்லூரியிலேயே கணிதம் சொல்லிக் கொடுத்தார். கணக்கு வகுப்பில் மாணவிகளைக் கட்டுரை எழுதச் சொல்வார். மொழிநடையையும் திருத்துவார். கணக்கு வகுப்புக்குக் கட்டுரை எதுக்கு என்று மாணவிகள் முணுமுணுத்தார்கள். அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாவிட்டால் கணிதம் படித்தும் பயனில்லை என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

எடை குறைவு, வயசு அதிகம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் கடற்படையில் சேர விரும்பினார். முதலில் கதவு திறக்கவில்லை. வயது அதிகம், எடை குறைவு, அதோடு கணிதப் பேராசிரியர் வேலையே நாட்டுக்கு அவசியம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. குறைந்தபட்ச எடையைவிட சுமார் 7 கிலோ குறைவாக இருந்தார். விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம்.

1944-ல் அவருக்குக் கிடைத்த போஸ்டிங் கப்பலில் இல்லை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். அங்கே ஹோவர்ட் ஐக்கன் தலைமையில் இயங்கியது மார்க் 1 என்ற ராட்சதக் கணக்கு மெஷின். நீளம் 51 அடி, உயரம் 8 அடி. ஒரு நொடிக்கு மூன்று கூட்டல் போடும். இன்றைய போனோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு அது அதிசயம்.

அந்த மெஷினோடு பேச ஒரே வழி, காகித நாடாவில் ஓட்டை போடுவது. எந்த இடத்தில் ஓட்டை, எந்த இடத்தில் ஓட்டை இல்லை என்பதுதான் கட்டளை. வார்த்தை கிடையாது, இங்கிலீஷும் கிடையாது. இந்த மெஷினை இயக்குவது எப்படி என்று 500 பக்கத்துக்கு மேல் ஒரு கையேடு எழுதும் பொறுப்பு ஹாப்பரிடம் வந்தது. 1946-ல் அது வெளியானது.

காப்பி எடுப்பதில் வந்த பிழை

போர் முடிந்தது. வாசர் கல்லூரி பேராசிரியர் பதவி தரத் தயாராக இருந்தது. ஹாப்பர் மறுத்து ஹார்வர்டிலேயே ஆராய்ச்சியாளராக இருந்தார். ஆனால் அங்கே பெண்களுக்கு நிரந்தர இடம் இல்லை. 1949-ல் வெளியேற வேண்டி வந்தது. மண வாழ்க்கையும் முடிந்திருந்த அந்தக் காலகட்டத்தில் குடிப்பழக்கத்தோடும் அவர் போராடினார். வெற்றிக் கதைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

அதே 1949-ல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தார். யூனிவாக் என்ற வணிகக் கம்ப்யூட்டர் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமே ரெமிங்டன் ராண்ட் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது.

அங்கே ஹாப்பரைத் தொந்தரவு செய்தது ஒரு சாதாரணப் பிரச்சினை. புரோகிராமர்கள் ஒருமுறை சரியாக ஓடிய கட்டளைத் தொகுப்புகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த புரோகிராமில் தேவைப்பட்டால் அதைப் பார்த்து எழுதுவார்கள். எழுதும்போது ஒரு எழுத்து மாறும், எண்களைக் கூட்டும்போது ஒன்று தப்பும். புரோகிராம் கவிழ்ந்துவிடும். மனுஷங்க காப்பி எடுப்பதில் மோசம், மெஷின் அதில் கெட்டிக்காரத்தனம். அப்படின்னா அந்த வேலையை மெஷினிடமே கொடுத்தால் என்ன?

1952-ல் ஏ-0 என்ற புரோகிராம் பிறந்தது. ஒவ்வொரு கட்டளைத் தொகுப்புக்கும் ஒரு அழைப்பு எண் உண்டு. எண்ணைச் சொன்னால் போதும், நாடாவில் சேமித்திருக்கும் நூலகத்திலிருந்து அந்தத் தொகுப்பை எடுத்து, சரியான இடத்தில் பொருத்தி, முழு புரோகிராமாகக் கோத்துத் தந்துவிடும். கம்பைலர் என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்றைய கம்பைலர்கள் செய்யும் வேலையில் அது ஒரு பகுதிதான். ஆனால் புரோகிராம் எழுதும் புரோகிராம் என்ற யோசனை அன்றைக்கு நிறைய பேருக்கு நம்பவே முடியாததாக இருந்தது. கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும் என்பது பொதுவான எண்ணம்.

வார்த்தையில் எழுதினால் என்ன?

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. கம்ப்யூட்டர் வாங்கும் கம்பெனிகளில் சம்பளக் கணக்கும், சரக்கு இருப்பும் பார்ப்பவர்கள் கணித மேதைகள் இல்லை. குறியீடுகளைப் பார்த்தாலே ஒதுங்குவார்கள். அவர்கள் தினமும் புழங்கும் வார்த்தையிலேயே கட்டளை எழுத விட்டால் என்ன? மனிதர் மெஷினின் மொழிக்கு இறங்கி வருவதற்குப் பதிலாக, மெஷின் மனிதரின் மொழிக்கு ஏறி வரட்டுமே?

கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் புரியாது என்று நிர்வாகம் கையை விரித்தது. ஹாப்பர் மறுக்கவில்லை. புரியத் தேவையே இல்லை என்பதுதான் அவர் வாதம். ஒரு வார்த்தை என்பது மெஷினுக்கு வெறும் எழுத்துகளின் வரிசை. கம்பேர் என்ற எழுத்து வரிசை வந்தால், ஒப்பிடும் வேலைக்கான உள்கட்டளையை எடு. ஸ்டாப் என்று வந்தால், நிறுத்தும் கட்டளையை எடு. அவ்வளவுதான். இதற்குத் தேவை மொழி அறிவு இல்லை, ஒரு அட்டவணை.

அந்த அட்டவணை எந்த மொழியில் இருந்தால் என்ன? இதைக் காட்டத்தான் ஹாப்பரும் அவர் குழுவும் ஒரு மாதிரி கம்பைலர் செய்து, ஒரே புரோகிராமை மூன்று மொழியில் எழுதி ஓட்டினார்கள். இங்கிலீஷ் வார்த்தை இருந்த இடத்தில் பிரெஞ்சு வார்த்தை. பிறகு ஜெர்மன் வார்த்தை. உள்ளே போன கட்டளை ஒன்றேதான், வந்த விடையும் ஒன்றேதான்.

அங்கேதான் விவகாரம். அமெரிக்காவில், அதுவும் பிலடெல்பியாவில் செய்த கம்ப்யூட்டர் எப்படி பிரெஞ்சும் ஜெர்மனும் புரிந்துகொள்ளும் என்று மேலதிகாரிகள் மிரண்டார்கள். ஜெர்மனியோடு போர் முடிந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கிலீஷ் மட்டும்தான் பயன்படுத்துவோம் என்று அவர்களைச் சமாதானப்படுத்த நான்கு மாதம் ஆனதாக ஹாப்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. வேற்று மொழிக் கட்டளைகளை ஓரம்கட்டியது கம்ப்யூட்டரின் இயலாமை இல்லை. அது ஒரு ஆபீஸ் அறையில் மனிதர்கள் எடுத்த முடிவு.

கோபால் வந்த கதை

இங்கிலீஷ் மட்டும் என்று உறுதி சொன்ன பிறகு உருவானது ஃப்ளோ-மேட்டிக். யூனிவாக் கம்ப்யூட்டருக்காக, இங்கிலீஷ் சொற்களை வைத்து எழுதப்பட்ட முதல் வணிகக் கணினி மொழி அது.

1959-ல் ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு மொழி என்ற குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் ஒரு குழு கூடியது. அங்கே பிறந்ததுதான் கோபால். பேர் நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்தாலும், ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உலகின் பல வங்கிகளின் பின்னணியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொழி. 1960 டிசம்பரில், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் கிட்டத்தட்ட ஒரே கோபால் புரோகிராம் ஓடிக் காட்டியது.

கோபாலின் தாய் என்று ஹாப்பரைச் சொல்வதுண்டு. கண்டிப்பாகப் பார்த்தால், கோபாலை எழுதியது ஒரு குழு. ஜீன் சாமெட் உட்படப் பலருக்கு அதில் பங்கு உண்டு. ஹாப்பர் ஆலோசகர். ஆனால் ஃப்ளோ-மேட்டிக் இல்லாமல் கோபால் அந்த வடிவத்தில் வந்திருக்காது.

இன்னொரு சந்தேகமும் தீர்த்துவிடலாம். பக் என்ற வார்த்தையை ஹாப்பர்தான் உருவாக்கினார் என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவல் சரியில்லை. 1947-ல் ஹார்வர்டின் மார்க் 2 மெஷினுக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கியது உண்மை. அதைப் பதிவேட்டில் ஒட்டி வைத்ததும் உண்மை. ஆனால் கோளாறை பக் என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. ஹாப்பர் அந்தக் கதையை ரசித்துச் சொல்லிப் பரப்பியவர், அவ்வளவே.

ஓய்வு பெறத் தெரியாதவர்

1966 கடைசியில், 60 வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. 1967-ல் ஆறு மாத வேலைக்காகத் திரும்பக் கூப்பிட்டது. கடற்படையின் கோபால் புரோகிராம்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவரும் வேலை. இடையில் ஒரு குட்டி ஓய்வைத் தவிர்த்து, அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது. கடைசியில் ரியர் அட்மிரல் பதவியில், 79 வயதில், பாஸ்டனில் நிற்கும் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய போர்க்கப்பலில் விடைபெற்றார். அப்போது அமெரிக்கக் கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளிலேயே மூத்தவர் அவர்தான்.

சுற்றுப்பயணம் போகும் இடமெல்லாம் கையில் சுமார் 30 செ.மீ. நீள வயர் துண்டுகளை வைத்திருப்பார். ஒரு நானோ நொடியில், அதாவது ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துளி நேரத்தில், மின் சிக்னல் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போக ஏன் நேரமாகிறது என்று கேட்ட தளபதிகளுக்கு அந்த வயரைக் காட்டித்தான் விளக்குவார். ஆபீஸில் எதிர்த்திசையில் ஓடும் கடிகாரம் மாட்டியிருந்தார். இதுவரை இப்படித்தான் செய்தோம் என்ற காரணத்துக்காக எதையும் தொடர வேண்டியதில்லை என்பதற்கு அது அவருடைய அமைதியான சாட்சி.

1992 ஜனவரி 1 அன்று, 85 வயதில் இறந்தார். அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதான சுதந்திரப் பதக்கம், மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. என்விடியா 2022-ல் அறிவித்த சிப் வடிவமைப்பின் பெயர் ஹாப்பர். இன்றைய ஏ.ஐ. மொழி மாடல்களுக்குப் பயிற்சி தரப் பரவலாகப் பயன்பட்டது அந்தச் சிப்தான்.

அதே டெமோ, உங்கள் கையில்

சரி, இப்போ நாமே செய்து பார்க்கலாம். ஸ்க்ராட்ச் தளம் இலவசம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-ல் பொதுமக்களுக்கு வந்தது. டைப் செய்ய வேண்டியதில்லை, கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று மாட்டினால் போதும்.

முதலில், மேலே இருக்கும் மெனுவில் மொழியை மாற்றிப் பாருங்க. நீங்கள் அடுக்கிய கட்டைகளில் இருக்கும் சொற்கள் பிரெஞ்சாகும், ஜெர்மனாகும். புரோகிராம் மட்டும் அப்படியே ஓடும். மேலதிகாரிகளை மிரள வைத்த யோசனை, இன்று ஒரு மெனுவில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து மொழிபெயர்ப்புக் கருவி. மூன்று பட்டியல் உருவாக்குங்க: தமிழ், பிரெஞ்சு, ஜெர்மன். தமிழில் நன்றி, தண்ணீர், வீடு என்று வரிசையாகப் போடுங்க. பிரெஞ்சில் அதே வரிசையில் மெர்ஸி, ஓ, மேஸோன். ஜெர்மனில் டாங்கெ, வாஸர், ஹவுஸ். இப்போது கட்டைகள்:

1. பச்சைக் கொடியை அழுத்தும்போது தொடங்கும் கட்டை.
2. பயனரிடம் ஒரு சொல் கேட்டுக் காத்திருக்கும் கட்டை. அவர் டைப் செய்தது விடை என்ற கட்டையில் தங்கும்.
3. அந்த விடை தமிழ்ப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கட்டை.
4. பிரெஞ்சுப் பட்டியலில் அதே எண்ணில் இருக்கும் சொல்லைப் பூனை இரண்டு நொடி சொல்லும் கட்டை. அடுத்து ஜெர்மனுக்கும் அதேபோல் ஒன்று.
5. எண் பூஜ்யமாக வந்தால் சொல் பட்டியலில் இல்லை என்று அர்த்தம். அதற்கு ஒரு இஃப் கட்டை போட்டு, சொல் தெரியவில்லை என்று சொல்ல வைங்க.

நன்றி என்று கொடுத்தால் மெர்ஸி வரும், டாங்கெ வரும். தண்ணீர் என்று கொடுத்தாலும் சரியாக வரும். இப்போ, வீட்டுக்கு என்று டைப் செய்யுங்க. கருவி முழிக்கும். பட்டியலில் இருப்பது வீடுதானே? வேற்றுமை உருபு சேர்ந்ததும் அது மெஷினுக்கு முற்றிலும் வேறு எழுத்து வரிசை. ஹாப்பரின் அட்டவணை முறை கட்டளைச் சொற்களுக்கு ஏன் அழகாகப் பொருந்தியது, மனிதர் பேசும் வாக்கியத்துக்கு ஏன் போதாது என்பது இந்த ஒரு சோதனையில் புரிந்துவிடும். கட்டளைச் சொற்கள் எண்ணி இருபது முப்பதுதான், அவை உருமாறாது. பேச்சு மொழி அப்படி இல்லை.

அதற்குத்தான் ஸ்க்ராட்ச்சில் தனி வசதி உண்டு. இடது கீழ் மூலையில் இருக்கும் பட்டனை அழுத்தினால் கூடுதல் வசதிகளின் பட்டியல் வரும். அதில் மொழிபெயர்ப்பைச் சேர்த்தால், ஒரு வாக்கியத்தை இன்ன மொழிக்கு மாற்று என்ற கட்டை கிடைக்கும். அது இணையம் வழியாக கூகுள் டிரான்ஸ்லேட்டிடம் கேட்டு விடை கொண்டுவரும். அங்கே அட்டவணை இல்லை. ஏராளமான வாக்கியங்களைப் படித்துப் பழகிய மாடல் இருக்கிறது. பட்டியல் முறை, இந்த முறை இரண்டையும் ஒரே புரோகிராமில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்க. மொழித் தொழில்நுட்பம் கடந்து வந்த தூரம் உங்கள் ஸ்கிரீனிலேயே தெரியும்.

தமிழில் கட்டளை எழுத முடியுமா?

முடியும். எழில் என்ற திறமூலக் கணினி மொழியில் திரையில் ஒன்றைக் காட்ட, பதிப்பி என்று எழுதினால் போதும். அதில் நிபந்தனை முதலில் வரும், ஆனால் என்ற சொல் பின்னால் வரும். நாம் பேசும் வரிசை அதுதானே? இங்கிலீஷில் இஃப் முதலில் நிற்கும். வெறும் வார்த்தையை மாற்றுவதோடு நிற்காமல், வரிசையையும் நம் மொழிக்கு ஏற்ப அமைக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

அதுக்காக இங்கிலீஷே வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போனால் கையேடுகள், பிழைச் செய்திகள், சக ஊழியர்களின் குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். அதை ஒருநாள் கற்றுத்தான் ஆக வேண்டும். கேள்வி, அது வாசலில் நிற்க வேண்டுமா, உள்ளே போன பிறகு வந்தால் போதாதா என்பதுதான். ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரிப்பது, நிபந்தனை வைப்பது, தப்பு எங்கே என்று தேடுவது. கோடிங்கின் உயிர் இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் தாய்மொழி போதும்.

லத்தீன் தேர்வில் ஃபெயிலான பெண் அன்றே கதவு மூடிவிட்டது என்று திரும்பிப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. உங்கள் வீட்டில் இங்கிலீஷுக்குப் பயந்து கோடிங் பக்கம் போகாத தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த வார இறுதியில் அந்த மூன்று பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து செய்து பாருங்க. அரை மணி நேரம் போதும்.